டிஷ்யூ ரோலுக்குப் பதில் பழைய வேட்டி: வீட்டுத் துடைதுணிகள் செய்ய முழு வழிகாட்டி

சமையல் மேடையில் டிஷ்யூ ரோல் நிற்கும் வீடுகள் நகரங்களில் கூடிக்கொண்டே வருகின்றன. அதைக் குறை சொல்வதற்கு முன், அது ஏன் உள்ளே வந்தது என்று பார்த்துவிடலாம். அதற்கு முன்பு பெரும்பாலான அடுப்படிகளில் இருந்தது ஒரே ஒரு கரித்துணி. சூடான பாத்திரம் இறக்கவும் அதுதான், மேடை துடைக்கவும் அதுதான், ஈரக்கை ஒற்றவும் அதுதான். சாயங்காலத்துக்குள் ஊறிப்போய் வாடை அடிக்க ஆரம்பிக்கும். டிஷ்யூ ஜெயித்தது இந்த இடத்தில்தான். இழுத்தால் ஒவ்வொரு முறையும் சுத்தமான புதுத்துண்டு கைக்கு வருகிறது.

ஆகவே துணிக்குத் திரும்புவது என்றால் பழைய கரித்துணிக்குத் திரும்புவது இல்லை. நிறைய துணி வேண்டும், ஒவ்வொன்றும் சின்னதாக, மெல்லியதாக இருக்க வேண்டும். எடுக்கக் கையெட்டும் இடம் ஒன்று, போட ஒரு கூடை ஒன்று வேண்டும். தையல் இதில் சின்னப் பகுதி. தைத்த துணிகள் அலமாரியில் தூங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களையும் யோசிக்காததுதான்.

எதற்குத் துணி, எதற்கு வேண்டாம்

மேடை துடைக்க, சிந்தியதை ஒற்றி எடுக்க, கை துடைக்க, சாப்பாட்டு மேசைக்கு, மூக்கு சிந்த, குழந்தையின் வாய் துடைக்க, கழுவிய பழத்தின் ஈரம் போக, கீரையைச் சுற்றி ஃப்ரிட்ஜில் வைக்க என்று இவ்வளவுக்கும் துணி நன்றாகவே சரிப்படும்.

வாந்தி, நாய் பூனையின் அசுத்தம், கரப்பான் மருந்து, பெயிண்ட், மண்ணெண்ணெய் ஆகியவற்றுக்குத் தைத்த துணியைத் தொடாதீர்கள். தூக்கிப்போடப் போகிற கந்தல் ஒன்றை எடுத்துத் துடைத்து, அப்படியே குப்பையில் போடுங்கள். கோழி, மீன் வெட்டிய மேடையை முதலில் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு துடைக்கும் துணி மேடைக்குத் திரும்பாமல் நேராக வெந்நீருக்குப் போக வேண்டும்.

வடை, பூரியின் எண்ணெய் தனிக்கதை. பலரும் செய்தித்தாளைத்தான் விரிக்கிறோம். அச்சு மையில் உள்ள ரசாயனங்கள் சூடான உணவில் ஏறும் என்பதால், செய்தித்தாளில் உணவைப் பொட்டலம் கட்டவோ வைக்கவோ வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-லும் மறுபடி 2023-லும் எச்சரித்தது. அதற்குப் பதில் துணியை விரிக்கலாமா? விரிக்கலாம், நன்றாக உறிஞ்சும். ஆனால் பொரித்த எண்ணெய் ஏறிய துணியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. என்னைக் கேட்டால் இரண்டுமே வேண்டாம். சாரணிக் கரண்டியில் வடையை எடுத்து வாணலி ஓரத்தில் அரை நிமிடம் சாய்த்துப் பிடியுங்கள். பிறகு ஓட்டைத் தட்டில் போட்டு, அடியில் ஒரு கிண்ணம் வையுங்கள். வடிந்த எண்ணெயைத் தாளிக்க எடுத்துக்கொள்ளலாம்.

கழிப்பறையில் நமக்குத் தண்ணீர் இருக்கிறது. கழுவிய பிறகு ஈரம் ஒற்ற மட்டும் டிஷ்யூ எடுப்பவர்கள், ஆளுக்குச் சில மல் துணித் துண்டுகள் தனி நிறத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

எந்தத் துணி

முதல் விதி, புதுத்துணி வாங்காதீர்கள். பருத்தி விளையவும் சாயம் ஏறவும் ஏராளமான தண்ணீரும் ரசாயனமும் செலவாகிறது. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018-இல் கடைப் பைகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. சாதாரணப் பிளாஸ்டிக் பையோடு ஒப்பிட்டால், பருவநிலைக் கணக்கில் மட்டும் ஒரு பருத்திப் பை 52 முறை உழைக்க வேண்டும், எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 முறை உழைக்க வேண்டும் என்று அதில் கண்டார்கள். பையின் கணக்கு துடைதுணிக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் புதுப் பருத்தி இலவசமில்லை என்பது இதில் தெரிகிறது. ஏற்கனவே உழைத்து ஓய்ந்த வேட்டியை வெட்டினால் இந்தக் கணக்கே வேண்டாம்.

பழசுதான் நன்றாகவும் உறிஞ்சும். பல வருடத் துவைப்பில் கஞ்சி போய், நூல் மெத்தென்று ஆகியிருக்கும். வேட்டி, நூல் புடவை, லுங்கி, பருத்திப் படுக்கை விரிப்பு, நூல் துண்டு, தேய்ந்த டர்க்கி டவல் எல்லாமே ஆகும். பனியன், டீ-ஷர்ட் துணிக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. அது பின்னப்பட்ட துணி என்பதால் வெட்டிய ஓரம் பிரியாது, தைக்கவே வேண்டாம். மெக்கானிக் ஷெட்டுகளில் கிரீஸ் துடைக்க மூட்டையாக வாங்கிப் போட்டிருக்கும் ‘பனியன் வேஸ்ட்’ இந்த ஜாதிதான்.

பருத்தியா, கலப்பா என்று பார்ப்பது முக்கியம். சராசரி ஈரப்பதமுள்ள காற்றிலிருந்தே பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது. அதனால்தான் கலப்புத் துணியால் மேடையைத் துடைத்தால் தண்ணீர் ஓரத்துக்கு ஓடுமே தவிர துணிக்குள் ஏறாது. இன்றைக்கு வேட்டிகளிலும் கலப்பு நிறைய. கடைக்காரர் சொன்னதை நம்புவதைவிட எரித்துப் பார்ப்பது நல்லது. ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி, காகிதம் எரியும் வாடையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கெட்டியான கருமணியாக நிற்கும். இரண்டும் கலந்திருந்தால் சாம்பலுக்குள் மணி தட்டுப்படும். குறுக்கே போகும் நூலையும் அதே போலப் பாருங்கள். பாவு (நீளவாக்கு நூல்) பருத்தியாகவும் ஊடை (குறுக்கு நூல்) வேறாகவும் இருக்கும் துணிகள் உண்டு, ஆகவே இரண்டு பக்கத்து நூலையும் எரிக்க வேண்டும்.

வீட்டில் பழந்துணியே இல்லை என்றால் சலவை செய்யாத காடா துணி, நூல் துண்டு இரண்டில் ஒன்றை வாங்கலாம். கரூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. வெளிநாட்டுச் சமையலறைகளுக்கான துடைதுணிகளும் சாப்பாட்டு நாப்கின்களும் அந்த ஊரின் முக்கிய ஏற்றுமதி. ஏற்றுமதியில் மிஞ்சியதும் கழித்ததும் கடைகளில் கிடைக்கும்.

வெட்டுவதற்கு முன்

பழைய துணியை ஒருமுறை வெந்நீரில் அலசிக் காயவைத்தால் போதும். புதுத்துணிக்கு வேலை அதிகம். கஞ்சி இருக்கும், சலவை செய்யாத துணியில் பஞ்சின் இயற்கையான மெழுகும் இருக்கும். இரண்டுமே தண்ணீரைத் தள்ளும். பெரிய பாத்திரத்தில் துணி மூழ்கும் அளவு தண்ணீர் வைத்து, 5 லிட்டருக்கு 2 மேசைக்கரண்டி சலவை சோடா போட்டு அரைமணி நேரம் கொதிக்க விடுங்கள். காடா துணியிலிருந்து டீத்தண்ணீர் நிறத்தில் சாறு இறங்கும். கொட்டிவிட்டு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், சோடா அதை அரிக்கும்.

காய்ந்த பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே பரவி உள்ளே போனால் துணி தயார். முத்தாக நின்றால் இன்னொரு கொதி. இதைச் செய்யாமல் வெட்டித் தைத்தால் முதல் வெந்நீர்த் துவைப்பில் துணி சுருங்கி, ஓரம் கோணலாகும்.

வெட்டுதல்

சமையலறைத் துணிக்கு 28 செ.மீ. சதுரம் நல்ல அளவு. கைக்குள் அடங்கும், நாலாக மடித்தால் எட்டுச் சுத்தமான முகங்கள் கிடைக்கும். ஓரம் மடிக்கப் பக்கத்துக்கு ஒன்றரை செ.மீ. வேண்டும், ஆகவே வெட்டும் அளவு 31 செ.மீ.

நாலு முழ வேட்டி ஏறக்குறைய 180 செ.மீ. நீளம், 125 செ.மீ. அகலம் இருக்கும். அகலவாக்கில் 4, நீளவாக்கில் 5 என்று 20 துண்டு வரும். மிச்சம் 25 செ.மீ. பட்டை நிற்கும். அதிலிருந்து மாட்டும் காதுகளுக்கு 4 செ.மீ. அகலம், 12 செ.மீ. நீளத்தில் நறுக்கிக்கொள்ளுங்கள். வெட்டும் முன் வேட்டியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். உட்காரும் இடத்தில் நூல் இற்றுப்போய் வெளிச்சம் தெரியும். அந்தப் பகுதியைச் சுற்றிச் சாக்கால் கோடு போட்டுத் தவிர்த்துவிடுங்கள். இற்ற துணியைத் தைத்தால் தையல் பக்கத்திலேயே கிழியும். கரையை வெட்டி எறிய வேண்டாம். நெசவு முடிந்த ஓரம் பிரியாது, அந்தப் பக்கம் மடிப்பே தேவையில்லை.

சாதா நெசவுத் துணியை வெட்டுவதைவிடக் கிழிப்பது நேராக வரும். ஓரத்தில் ஒரு செ.மீ. கத்தரித்து, இரண்டு கையாலும் பிடித்துச் சர்ரென்று இழுத்தால் நூல் போன வழியே கிழியும். டர்க்கிக்கும் பனியன் துணிக்கும் கத்தரிதான்.

தைத்தல்

மிஷின் இருந்தால் இப்படிச் செய்யுங்கள். அரை செ.மீ. மடித்து நகத்தால் அழுத்துங்கள், மேலே இன்னொரு ஒரு செ.மீ. மடித்து, உள்மடிப்பின் ஓரத்தை ஒட்டித் தையல் போடுங்கள். எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டை முதலில் முடித்துவிட்டு மற்ற இரண்டுக்கு வந்தால் மூலை ஒழுங்காக அமையும். மூலையில் துணி அடுக்கடுக்காகச் சேர்ந்து ஊசி முறியும் என்பதால், மடிக்கும் முன்பு முனையைச் சின்னதாகச் சாய்வாட்டில் நறுக்கிவிடுங்கள். வேட்டித் துணிக்கு 11 நம்பர் ஊசி, டர்க்கிக்கும் தடித்த துண்டுக்கும் 14. ஒரு மூலையில் காதை மடிப்புக்குள் செருகி, அந்த இடத்தில் மட்டும் முன்னும் பின்னும் மூன்று முறை ஓட்டுங்கள். மாட்டும்போது இழுபடும் இடம் அதுதான்.

மிஷின் இல்லையா? கையால் ஓட்டுத் தையல் போட்டாலே போதும். தையலின் நீளம் 3, 4 மி.மீ.க்குள் இருக்கட்டும். நாலைந்து தையலுக்கு ஒருமுறை பின்னால் வந்து ஒரு தையல் போட்டால், ஓரிடத்தில் அறுந்தாலும் முழுதும் பிரியாது. கையாலும் தைக்கப் பொறுமை இல்லை என்றால், புடவைக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடித்துத் தரும் கடையில் மொத்தமாகக் கொடுத்து ‘ஓவர்லாக்’ அடிக்கச் சொல்லுங்கள். மடிப்பே இல்லாததால் துணி மெல்லியதாக இருக்கும், சீக்கிரம் காயும். எனக்கு மடித்துத் தைத்ததைவிட இதுதான் பிடிக்கும்.

இரட்டைத் துணியாகத் தைக்க நினைப்பவர்கள் ஒன்றை யோசியுங்கள். மெல்லிய வேட்டித் துணியை இரண்டடுக்காக வைத்தால் நன்றாக உறிஞ்சும், உண்மைதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் அது காயாது. காயாத துணியில் பூஞ்சைப் புள்ளி விழுந்தால் எளிதில் போகாது. ஒற்றைத் துணியையே மடித்துப் பிடித்துத் துடைக்கலாமே. அப்படியும் வேண்டும் என்றால் ஐந்தாறு மட்டும் செய்யுங்கள். நல்ல முகங்கள் உள்ளே இருக்கும்படி இரண்டையும் அடுக்கி, 8 செ.மீ. விட்டுச் சுற்றிலும் தைத்து, விட்ட வழியாகப் புரட்டி, ஓரத்தில் இன்னொரு சுற்று ஓட்டி மூடுங்கள். கடைசியில் மூலைக்கு மூலை பெருக்கல் குறி போல் ஒரு தையல். இல்லையென்றால் துவைத்ததும் உள்ளே ஒரு பக்கமாகச் சுருண்டுகொள்ளும்.

சாப்பாட்டு நாப்கினுக்கு 43 செ.மீ. வெட்டினால் 40 செ.மீ. சதுரம் கிடைக்கும். மடியில் விரிக்கப் போதும். வெள்ளைத் துணி இதற்கு வேண்டாம், சாம்பாரோடு போராட வேண்டியிருக்கும். கட்டம் போட்ட லுங்கி இருந்தால் அதுவே அழகு. வீட்டில் ஆளுக்கு ஒரு நிற நூலால் மூலையில் நாலு தையல் போட்டுவிட்டால், சுத்தமாக இருக்கும் நாப்கினை அவரவர் அடுத்த வேளைக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

மூக்குத் துணி சிறிதாக இருக்கட்டும். 20 செ.மீ. போதும், பழைய பனியன் துணி மூக்கை எரிக்காது. க்ளீனெக்ஸ் டிஷ்யூ 1924-இல் அமெரிக்காவில் வந்தபோது முகப்பூச்சு துடைக்கும் காகிதமாகத்தான் விற்றார்கள். அதை மூக்குக்குப் பயன்படுத்துவது ஜனங்களிடமிருந்து வந்த பழக்கம். சளி பிடித்திருக்கும்போது ஒரே கைக்குட்டையைப் பையில் வைத்துத் திரும்பத் திரும்ப எடுப்பதில்தான் ஆபத்து. அந்த நாட்களில் பத்துப் பதினைந்து துண்டை ஒரு டப்பாவில் வைத்து, ஒருமுறை சிந்தியதும் தனிப்பையில் போட்டுவிடுங்கள். பையோடு கொதிநீருக்குப் போகட்டும்.

கைக்குழந்தைக்கு 18 செ.மீ. மல் துணி, இரண்டடுக்கு. கடைத் துடைப்பான்போல முன்கூட்டியே நனைத்து டப்பாவில் அடைத்து வைக்காதீர்கள், நம் வெயிலில் ஒரே நாளில் கெட்டுவிடும். உலர்ந்த துணியும் ஒரு பிளாஸ்கில் காய்ச்சி ஆறிய தண்ணீரும் பக்கத்தில் இருந்தால் போதும்.

கீரைத்துணி தைப்பது ஐந்து நிமிட வேலை. 60-க்கு 45 செ.மீ. ஒற்றைத் துணி, நாலு பக்கமும் ஓரம் அடித்தது. கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலையைக் கழுவாமல், உலர்ந்த துணியில் சுருட்டி டப்பாவில் வையுங்கள். ஃப்ரிட்ஜுக்குள் வேர்க்கும் நீரைத் துணி வாங்கிக்கொள்ளும், இலை அழுகாது. முளைக்கீரை, அரைக்கீரைக்கு மட்டும் துணியை நனைத்துச் சொட்டாமல் பிழிந்து சுற்றுங்கள். கிச்சன் டிஷ்யூவை விடத் துணி உறுதியாக ஜெயிக்கும் வேலை இது.

வைக்கும் இடம்

இணையத்தில் துணிகளுக்குப் பொத்தான் வைத்து ஒன்றோடொன்று கோத்து, டிஷ்யூ ரோல் மாதிரியே சுற்றி நிறுத்திக் காட்டுவார்கள். படத்துக்கு நன்றாக இருக்கும். ஒவ்வொரு துவைப்புக்கும் பிறகு இருபது துணியைக் கோத்துச் சுற்ற யாருக்கு நேரம்? மூடியில்லாத ஒரு பழைய டப்பாவில் செங்குத்தாக அடுக்கி, டிஷ்யூ ரோல் நின்ற அதே இடத்தில் வையுங்கள். கை அங்கேதான் தானாகப் போகும். ரோலைத் தூக்கி மேல் பரணில் போட்டுவிடுங்கள்.

அழுக்குத்துணிக்கு மூடி போட்ட வாளி வேண்டாம். ஈரத்தோடு மூடினால் மறுநாளே நாறும். காற்றோட்டமான கம்பிக்கூடை நல்லது. சொட்டச் சொட்ட நனைந்த துணியைப் பிழிந்து கூடை விளிம்பில் போட்டு, காய்ந்த பிறகு உள்ளே தள்ளுங்கள்.

நிறத்தைப் பிரித்துவிடுங்கள். சாப்பாடு தொடும் துணி கட்டம், மேடைக்கு வெள்ளை, தரைக்கு அடர்நிறம். வீட்டு வேலைக்கு வருபவரிடமும் சொல்லி வையுங்கள். எழுதி ஒட்ட வேண்டியதில்லை, நிறமே சொல்லிவிடும்.

எத்தனை வேண்டும்? நாலு பேர் வீட்டில் மேடைக்கு மட்டும் ஒரு நாளைக்கு ஐந்து துணி போகும். இரண்டு நாளுக்கு ஒருமுறை துவைத்தால் பத்து, காய ஒரு நாள் சேர்த்தால் பதினைந்து. மழைக்காலத்துக்கு இன்னும் பத்து. ஆக 25. ஒரு வேட்டியும் ஒரு துண்டும் இதற்குப் போதும். எண்ணிக்கையைக் குறைத்தால் வாரத்தில் ஏதோ ஒரு நாள் டப்பா காலியாகும், அன்றைக்கு ரோல் பரணிலிருந்து இறங்கிவிடும்.

துவைப்பது

சாதாரண நாட்களில் மற்றத் துணிகளோடு மிஷினில் போடலாம், உள்ளாடைகளோடும் தரைத்துணியோடும் மட்டும் வேண்டாம். வாரம் ஒருமுறை சமையலறைத் துணிகளைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். வாடைக்கு மருந்து அதுதான். வாசனைத் திரவம் ஊற்றினால் வாடை மறையும், காரணம் துணியிலேயே இருக்கும்.

துணியை மெத்தென்று ஆக்கும் கண்டிஷனர் திரவம் வேண்டவே வேண்டாம். அது நூலின் மேல் வழவழப்பான பூச்சாகப் படிந்து உறிஞ்சும் சக்தியைக் கெடுக்கும். போர் தண்ணீர் உள்ள வீடுகளில் சோப்புக்கட்டியும் இதே வேலையைச் செய்யும். உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியத்தோடு சோப்பு சேர்ந்து திப்பியாகத் துணியில் தங்கிவிடும். அங்கே சலவைத்தூளே நல்லது. துணி விறைத்துப்போனால் ஒரு வாளித் தண்ணீரில் கால் கப் வினிகர் விட்டுக் கடைசியாக அலசுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீரில் வினிகரோ எலுமிச்சையோ சேர்க்கக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவந்து பயமுறுத்தும். சோப்பின் காரத்தில் மஞ்சளின் நிறப்பொருள் அப்படித்தான் மாறும், அலசினால் மறுபடி மஞ்சளாகும். தேய்த்துத் துணியைக் கிழிக்க வேண்டாம். ஈரத்தோடு நல்ல வெயிலில் போடுங்கள், இரண்டு மூன்று வெயிலில் அதுவாக வெளுத்துவிடும்.

எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய துணியை முதலில் பாத்திரம் கழுவும் திரவத்திலோ சீயக்காய்த் தூளிலோ கசக்கிவிட்டுப் பிறகு துவைக்க வேண்டும். அதுவரை பிரித்துத் தொங்கவிடுங்கள், சுருட்டிக் குவிக்காதீர்கள். சூரியகாந்தி, சோயா, ஆளிவிதை எண்ணெய்கள் காற்றோடு சேரும்போது சூட்டை வெளியிடும். குவியலுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் துணி தானாகவே தீப்பிடித்த சம்பவங்கள் உணவகச் சலவைகளில் நடந்திருக்கின்றன. எண்ணெய் சரியாகப் போகாத துணியை டிரையரில் போட்டுச் சூட்டோடு அடுக்குவதுதான் மிகவும் மோசம்.

வெயிலில் காய்வதுதான் சிறந்தது. மழைநாளில் மின்விசிறிக்குக் கீழே கொடி கட்டிக் காயவைத்து, கடைசி ஈரத்தை இஸ்திரிப் பெட்டியால் எடுங்கள். முக்கால் காய்ச்சலில் மடித்து அடுக்கினால் மொத்த டப்பாவும் வாடை பிடிக்கும்.

மேடைத்துணி நைந்துபோனால் அடர்நிற நூலால் மூலையில் ஒரு தையல் போட்டுத் தரைக்கு மாற்றுங்கள். அங்கிருந்து சைக்கிள் செயின், ஜன்னல் கம்பி. கிரீஸோ பெயிண்டோ படாமல் கந்தலான பருத்தியைச் சின்னச் சின்னதாக நறுக்கி உரக்குழியில் போடலாம், மட்கிவிடும். தைத்த நூல் பாலியஸ்டர் என்றால் ஓரத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் போடுங்கள்.